முதலில் டயர், அப்புறம் அழகு

செருப்புக்கு ஏற்ற மாதிரி காலை வெட்டிக்கொண்ட கதைதான், நம் ஊரில் காருக்கு 'வைடுபாடி' கட்டுகிற கதை. நாலு பக்கமும் மட்கார்டை இரண்டு அங்குலம் பிதுக்கி, ஃபைபரில் ஒட்டிவிடுகிறார்கள். அப்புறம் பார்த்தால், அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பொடியன் மாதிரி சக்கரம் உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறது. உடனே அகலமான அலாய் வீல். பணம் அதிலேயே கரைந்துவிட, டயர் மட்டும் கிடைத்தது போதும்!

வைடுபாடி பிறந்த காரணமே வேறு. 1975-ல் வந்த போர்ஷே 911 டர்போவின் பின்பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது அலங்காரத்துக்காக அல்ல. இன்ஜின் பலத்தைத் தரையில் இறக்க அகலமான டயர் தேவைப்பட்டது. அதை மூட மட்கார்டு வளர்ந்தது. டயருக்காக பாடி. பாடிக்காக டயர் இல்லை.

இந்தக் கணக்குக்கு இன்ஜினீயரிங் வேண்டாம், பி.காம். போதும். 185/65 ஆர்15 என்றால், அகலம் 185 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவிகிதம், அதாவது சுமார் 120 மி.மீ. ரிம் 15 அங்குலம். மொத்த விட்டம் சுமார் 622 மி.மீ. இதையே 245/40 ஆர்17 ஆக்கினால் விட்டம் 628. வித்தியாசம் ஒரே சதவிகிதம். ஸ்பீடாமீட்டர் பெரிதாக ஏமாறாது. ஆனால், பக்கச்சுவர் 98 மி.மீ.தான். குழியில் இறங்கும்போது அடி வாங்க 22 மி.மீ. ரப்பர் குறைவு. மிச்ச அடி ரிம்முக்கு. அப்புறம் உங்கள் இடுப்புக்கு.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் உட்காரும் இடத்துக்கும் உள்ள தூரம். 7 அங்குல அகலம், 45 ஆஃப்செட் ரிம்மைக் கழற்றிவிட்டு 9 அங்குலம், 20 ஆஃப்செட் மாட்டினால், வெளிவிளிம்பு 50 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு அநேகமாக இருந்த இடத்திலேயே நிற்கும். மட்கார்டு நிறைந்துவிட்டது, சந்தோஷம். ஆனால், பாரம் இப்போது தள்ளி நின்று வீல் பேரிங்கை நெம்புகிறது. கையை நீட்டிக்கொண்டு வாளி தூக்கிப் பாருங்கள், தோள்பட்டை சொல்லும்.

உச்சகட்டக் கொடுமை, அந்த 9 அங்குல ரிம்மில் 195 டயரை இழுத்து மாட்டுவது. பெயர் 'ஸ்ட்ரெச்', ஸ்டைலாம்! அதற்கு 235, 245 அகலம் வேண்டும் சாமி. டயரின் ஓரம் ரிம்மைக் கவ்வினால்தான் காற்று நிற்கும். வேகமான வளைவில் அந்தப் பிடி விட்டால் என்ன ஆகும்?

"என் கார், என் காசு, உனக்கென்ன?" என்பார்கள். ரோடு பொதுவாயிற்றே! எதிரே ஸ்கூட்டரில் குழந்தையோடு வருகிறவர் உங்கள் ஸ்டைலுக்குச் சம்மதித்தாரா? கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாயிற்று. அதே வருடம் செப்டம்பரில் அமலான சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

ரேஸ் டிராக்குக்கென்றே வண்டி செய்கிறீர்களா? தாராளமாக. ஆனால், வரிசை மாறக் கூடாது. முதலில் டயர் தாங்கும் பாரம்: டயரில் 88 என்று போட்டிருந்தால் 560 கிலோ. பிறகு விட்டம், ரிம் அகலம், ஆஃப்செட். கடைசியில்தான் மட்கார்டு.

ரோட்டைத் தொடுவது நாலு உள்ளங்கை அளவு ரப்பர். மற்றதெல்லாம் பெயின்ட்.