டைட்டேனியம் வேண்டாம் மச்சான்

எங்கள் வட்டத்தில் யாரிடமாவது டேர்போ கார் வந்தால், இரண்டாம் கிழமையே கதை சைலன்சருக்குப் போய்விடும். "டைட்டேனியம் போடுவமா மச்சான்?" வீடியோக்களில் பார்த்த, நீலமும் ஊதாவும் ஓடிய அந்தக் குழாய் எல்லாருடைய மனசிலும் நிற்கிறது. எங்களுக்கும் ஆசைதான், பொய் சொல்ல ஏலாது. ஆனாலும் குடாநாட்டு றோட்டில் தினமும் ஓடுற காருக்கு அது பிழையான தெரிவு என்பதுதான் எங்கள் கருத்து. 304 ரக ஸ்டெயின்லெஸ் குழாயும், அதை ஒழுங்காக ஒட்டத் தெரிந்த ஒரு ஆளும் போதும்.

முதலில் பவர் கதையை முடிப்போம். டேர்போவைத் தாண்டிய புகை எவ்வளவு லேசாக வெளியேறுகிறது என்பதுதான் எஞ்சினுக்கு முக்கியம். அதைத் தீர்மானிப்பது குழாயின் விட்டம், வளைவுகள், சைலன்சர் பெட்டியின் உள்ளமைப்பு. அதே அளவில் எந்த உலோகத்தில் செய்தாலும் பவரில் சொல்லத்தக்க வித்தியாசம் வராது. மிச்சம் இருப்பது நிறை மட்டும்தான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டரை அங்குல விட்டமும் 1.5 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள 304 குழாய் மீற்றருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள டைட்டேனியம் 0.9 கிலோ. மூன்று மீற்றருக்கு மிச்சம் பிடிப்பது நாலு கிலோ சொச்சம். டிக்கியில் கிடக்கிற 5 லீற்றர் தண்ணிக் கானை இறக்கி வைத்தால் அதைவிடக் கூட மிச்சம்!

அந்த நாலு கிலோவுக்குக் கொடுக்கிற விலை பெரிது. சூடான டைட்டேனியம் காற்றில் இருக்கும் ஒட்சிசனையும் நைதரசனையும் இழுத்து, முறியக்கூடிய பொருளாக மாறும். அதனால் ஒட்டும்போது குழாயின் வெளியேயும் உள்ளேயும் ஆகன் வாயு நிற்கவேண்டும், ஆறும்வரை நிற்கவேண்டும். நாங்கள் ஆசைப்படும் நீலம் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தில் ஒளி காட்டுகிற வேலை. வெல்டின் மேலேயே கடும் நீலமோ சாம்பலோ வந்தால், காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒட்டின இடம் பிறகு வெடித்தால், சாதாரண கராச் ஒன்றில் திருத்த முடியாது.

"அப்ப இரும்புக் குழாய் போதும்தானே, மலிவு" என்று கேட்கலாம். 1 லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லீற்றர் தண்ணீர் உருவாகும். நெடுந்தூரம் ஓடினால் அது ஆவியாகப் போய்விடும். நாங்கள் ஓடுவதோ கொக்குவிலில் இருந்து நல்லூருக்கு, திரும்ப வீட்டுக்கு. பின்பக்கப் பெட்டி சூடாக முதலே எஞ்சினை நிற்பாட்டிவிடுவோம். தண்ணீர் உள்ளேயே தேங்கி, உள்ளிருந்து கறள் பிடிக்கும். வெளியே காங்கேசன்துறையிலும் பருத்தித்துறையிலும் காரைநகரிலும் வீசுகிற உப்புக்காற்று. அலுமினியப் பூச்சுள்ள குழாய் கொஞ்சம் தாங்கும், ஆனால் வெல்ட் பண்ணின இடத்தில் பூச்சு எரிந்துபோவதால் கறள் அங்கேதான் தொடங்கும். தண்ணீருக்குப் போடுற ஜிஐ பைப்பை மட்டும் தொடவே வேண்டாம். ஒட்டும்போது வருகிற நாகப்புகையைச் சுவாசித்தால் ஒட்டுகிற ஆளுக்குக் காய்ச்சல் வரும்.

காரோடு வருகிற கம்பனிக் குழாய்கள் பலதும் 409 ரகம். குரோமியம் 11 வீதம் அளவில் இருக்கும். மேலே கறள்போலத் தெரிந்தாலும் வருசக்கணக்கில் தாங்கும். அது நல்லாயிருந்தால் கழற்றவே தேவையில்லை. மாற்றத்தான் வேணும் என்றால் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கொண்ட 304. கடற்கரையோரமே வீடு என்றால், கொஞ்சம் கூடக் கொடுத்து மொலிப்டினம் சேர்த்த 316 எடுக்கலாம்.

டேர்போவுக்கு முன்னால் உள்ள பகுதி வேறு கதை. பெற்றோல் எஞ்சினை அழுத்தி ஓடினால் அங்கே புகையின் வெப்பம் 900 பாகை செல்சியசைத் தாண்டலாம். அந்த இடத்தில் கம்பனி போட்டதை அப்படியே விடுங்கோ. செய்தே ஆகவேண்டும் என்றால் 321 ரகம் எடுக்கலாம். அதன் உறுதிக்குச் சேர்ப்பது சிறிதளவு டைட்டேனியம். ஆசைப்பட்ட சாமான் உண்மையில் உதவுவது இங்கேதான்!

304க்கும் ஒரு குறை உண்டு. சூட்டில் நன்றாக நீளும். 1 மீற்றர் குழாய் 500 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 9 மில்லிமீற்றர் நீளும். எஞ்சினுக்குப் பின்னால் வளைந்து கொடுக்கிற ஃப்ளெக்ஸ் துண்டும், றப்பர் தொங்கல்களும் இல்லையென்றால் வெல்ட் வெடிக்கும். ஆசனத்துக்குக் கீழே வெடித்தால் காபனோரொட்சைட்டு உள்ளே வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு அம்மா அப்பாவை ஏற்றிப் போகிற கார் இது.

வாங்கும்போது ஒரு ஏமாற்று நடக்கும். "காந்தம் ஒட்டேல்லை தம்பி, ஒரிஜினல் ஸ்டெயின்லெஸ்" என்பார்கள். படிக்கட்டுக் கைபிடிக்கு விற்கிற 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மங்கனீசு போட்டிருப்பார்கள், உப்புக்காற்றுக்கு 304 அளவு நின்றுபிடிக்காது. மறுபக்கம், 409இல் காந்தம் ஒட்டும், அதுவும் ஸ்டெயின்லெஸ்தான். ஆகவே குழாயில் அடித்திருக்கும் ரக இலக்கத்தைப் பாருங்கோ, பில்லிலும் எழுதச் சொல்லுங்கோ. ஒட்டுகிற அண்ணையிடம் இரண்டே கேள்வி: "டிக் வெல்டிங்தானே? குழாய்க்குள்ளையும் ஆகன் விடுவியளோ?" உள்ளே வாயு விடாவிட்டால் வெல்டின் உட்பக்கம் கருகிப் பொருக்காகும். 304 குழாயிலும் கறள் அங்கிருந்துதான் தொடங்கும்.

2020இல் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. விலைகளை எல்லாரும் பார்த்தோம். கையில் இருக்கிற காரை இன்னும் பத்து வருசம் ஓட்டப்போகிறவர்கள் நாங்கள். குழாயில் மிச்சம் பிடிக்கிற காசில் நல்ல ரயரும் பிரேக் பாட்டும் போடலாம். கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரை வெட்டி எறியாமல், நல்ல சைலன்சர் பெட்டி ஒன்றையும் வையுங்கோ. இரவு பத்து மணிக்கு நாங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது, பக்கத்து வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்.