அக்கா ஊரில் சைக்கிள்

சென்ற ஆவணியில் கல்கத்தாவிலுள்ள என் அக்கா வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். (2001-லேயே கொல்கத்தா என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் வீட்டுப் பேச்சில் இன்னும் கல்கத்தாதான்.) ஜாம்ஷெட்பூரில் விடிகாலை ஸ்டீல் எக்ஸ்பிரஸில் ஏறினால் முற்பகலில் ஹௌரா. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, கல்யாணம், காதுகுத்து என்று ஒரு நாள் தலையைக் காட்டிவிட்டுத் திரும்புவதே வழக்கமாகிவிட்டது. பத்து நாள் தங்கியது இதுதான் முதல் தடவை.

அக்கா 1987-ல் கல்யாணமாகி லேக் மார்க்கெட் பக்கம் வந்தவள். அந்த வட்டாரத்தைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாழை இலை, முருங்கைக்காய், கதம்பம், காப்பிப் பொடி, அப்பளம் எல்லாம் கிடைக்கும். நம்மோடு தமிழிலேயே பேரம் பேசும் வங்காளி வியாபாரிகளும் உண்டு. அதனால் வந்த வினையும் அதுவே. நாற்பது ஆண்டை நெருங்கும் வாழ்க்கையில் அக்காவின் ஊர் நாலு தெருவைத் தாண்டவில்லை. காளிகாட் கோயிலுக்குக்கூட டாக்ஸியில் போய் டாக்ஸியில் வருவாள். "இந்த ஊர்ல பார்க்க என்னடி இருக்கு? கூட்டமும் சேறும்" என்பாள். அவளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நானும் என் ஊரில் கம்பெனி குவார்ட்டர்ஸ், கடைத்தெரு, கோயில் என்று இருப்பவள்தான்.

மாடிப்படியின் கீழே அக்கா மகனின் சைக்கிள் தூசு படிந்து கிடந்தது. ஒன்பதாம் வகுப்பில் வாங்கியது. அவன் இப்போது பூனாவில் வேலையாக இருக்கிறான். மரத்தடியில் பஞ்சர் ஒட்டுகிற பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு டியூப், பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை ஐந்தரை மணிக்குச் சுடிதார் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"அம்பது வயசுல சைக்கிளா? அக்கம்பக்கத்துல என்னடி நினைப்பாங்க?"

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991-92-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயலில் வேலை செய்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஆயாக்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் பள்ளிக்கூட மைதானங்களில் விழுந்து எழுந்து பழகினார்கள். அப்போது எனக்குப் பதினேழு வயது. முழங்காலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. எங்கள் அம்மாவே நாற்பத்தைந்து வயதில் ஏறி ஓட்டினாள். அக்கா அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே கல்கத்தா போய்விட்டாள். வீட்டில் சைக்கிள் ஓட்டத் தெரியாத ஒரே பெண் அவள்தான். வாசலை மறித்ததில் அந்த வருத்தமும் கொஞ்சம் இருந்திருக்கும் என்று பின்னால் தோன்றியது. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தப் பத்து நாள் காலைகளில் நான் பார்த்ததை எழுதினால் இதழ் போதாது. காளிகாட்டில் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் பட்டுவாபாடா என்ற இடத்தில் துர்க்கை சிலைகள் வைக்கோலும் களிமண்ணுமாக, தலையில்லாமல் வரிசையாக நின்றன. பூஜைக்கு இன்னும் நாள் இருந்தது. சந்துக்குள் சைக்கிளை நிறுத்தி நான் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு ஒருவர் முக்காலியை நகர்த்தி உட்காரச் சொன்னார். பாலிகஞ்ச் ஸ்டேஷனில் கானிங் பக்கமிருந்து வரும் லோக்கல் ரயில்களிலிருந்து பெண்கள் காய்கறி மூட்டைகளோடு இறங்கினார்கள். அவர்களுக்கு அது பாதி நாள் கழிந்த நேரம்.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தவர்கள் மீன்காரர்கள். கேரியரில் பெரிய அலுமினிய அண்டா, அதில் தண்ணீரோடு உயிர் மீன். சைக்கிள் நிற்கிற போதெல்லாம் தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். காற்று கலக்காவிட்டால் மீன் செத்துவிடுமாம். நகரத்துக்குக் கிழக்கே சாக்கடை நீரையே குளங்களில் பாய்ச்சி மீன் வளர்க்கிறார்கள். வெயிலும் பாசியும் அந்த நீரைச் சுத்தம் செய்கின்றன, பாசியை மீன் தின்கிறது. அந்த நீர்நிலங்கள் 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை. அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் மிதக்கும் ரோகு மீனும் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். அக்காவிடம் சொன்னேன். "சாப்பிடும்போதா சொல்லுவே?" என்று திட்டினாள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. டிராம் ஓடாத இடங்களிலும் தண்டவாளம் கிடக்கிறது. மழையில் அதைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். நேர் குறுக்காகத்தான் கடக்க வேண்டும். இது எனக்கு முழங்கையில் சிராய்ப்போடு தெரிந்தது.

இனி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். அக்கா வீட்டுக்கு இட்லி மாவு கொண்டுவரும் பையன் ஒருவன் இருக்கிறான். வங்காளி. "அக்கா, மாவு, புளிக்கலே" என்கிற மூன்று சொல் தமிழில் தெரு முழுக்க வியாபாரம் செய்கிறான். ஒரு நாள் பெரிய சாலை ஒன்றில் அவன் இரண்டு பக்கமும் மாவு டப்பா தொங்க சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன். பஞ்சரா என்று கேட்டேன். சிரித்தான். அத்தான்தான் வீட்டில் விளக்கினார். கல்கத்தாவின் முக்கிய சாலைகள் பலவற்றில் சைக்கிள் ஓட்டக் கூடாது. 2008-ல் சில சாலைகளில் ஆரம்பித்த தடை 2013-ல் 174 சாலைகளுக்கு விரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். 2020-ல் கொரோனா நேரத்தில் பஸ்ஸும் ரயிலும் இல்லாதபோது கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனால் தடை முழுதாகப் போய்விடவில்லை. பிடிபட்டால் அபராதம். ஆகவே சந்துகளில் சுற்றிப் போகிறான், சந்து இல்லாத இடத்தில் தள்ளிக்கொண்டு நடக்கிறான்.

தடைக்குச் சொல்லும் காரணம் எனக்கும் புரிகிறது. நகரப் பரப்பில் சாலைக்கு ஆறேழு சதவீத இடம்தான் என்கிறார்கள். மெதுவாகப் போகிற வண்டி மற்றதை நிறுத்துகிறது, விபத்தும் நடக்கிறது. ஆனால் இடம் குறைவு என்றால் குறைவான இடத்தில் போகிறவனுக்கல்லவா முதல் சலுகை? ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் கார் அடைக்கிற இடத்தில் நாலைந்து சைக்கிள் போகும். விபத்துக்குப் பயந்தால் ஓரமாக ஒரு தனிப் பாதை ஒதுக்கலாம். அடிபடக்கூடியவனையே சாலையைவிட்டு விலக்குவது எந்தப் பாதுகாப்பு?

இதே மாநில அரசு 2015 முதல் 'சபுஜ் சாத்தி' என்ற திட்டத்தில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கோடிக்கும் மேல் சைக்கிள் கொடுத்திருக்கிறது. மனமாரப் பாராட்ட வேண்டிய காரியம். அந்தப் பிள்ளை படித்து முடித்துத் தலைநகருக்கு வேலை தேடி அதே சைக்கிளில் வந்தால் என்ன செய்வது? இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

நாம் பிழைக்க வந்த ஊர், நமக்கேன் வம்பு என்று சிலர் நினைக்கலாம். அத்தானும் அப்படித்தான் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நம் வீட்டு மாவு, பால், பேப்பர், பூஜைக்குப் பூ எல்லாம் அந்தக் கேரியரில்தான் வாசலுக்கு வருகின்றன. ஐந்து நிமிஷம் தாமதமானால் அவனைத் திட்டுகிறோமே தவிர, ஏன் தாமதம் என்று கேட்டதுண்டா? போதாததற்கு, நம்மில் பாதிப்பேர் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ இந்த ஊர்களுக்கு வந்து முதலில் வாங்கிய சொத்தே ஒரு சைக்கிள்தான். இன்றைக்குப் பேரன் ஓட்டினால் உடற்பயிற்சி, மாவுக்காரன் ஓட்டினால் இடைஞ்சல். பொங்கல் விழாவுக்கு மாநகராட்சி உறுப்பினர்களை அழைத்துச் சால்வை போர்த்துகிறோம். மண்டபத்துக்கு அனுமதி, தண்ணீர் இணைப்பு என்று கேட்கிறோம். கல்கத்தாவிலுள்ள நம் அன்பர்கள் அப்போது சைக்கிளுக்கு ஒரு பாதையும் சேர்த்துக் கேட்டால் என்ன? தமிழன் தமிழனுக்காக மட்டும்தான் கேட்பான் என்ற பேச்சும் கொஞ்சம் குறையும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா என்னோடு பட்டுவாபாடாவுக்கு வந்தாள். அவள் ரிக்‌ஷாவில், நான் பக்கத்தில் சைக்கிளில். சிலைகளுக்கு அதற்குள் முகம் வைத்திருந்தார்கள், கண் மட்டும் எழுதவில்லை. முக்காலிக்காரர் அக்காவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவள் சரளமான வங்காளத்தில் அவரோடு அரைமணி பேசினாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு நேரம் வங்காளம் பேசி நான் கேட்டதில்லை.

சைக்கிளைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடலாமா என்று பூனாவுக்குப் போன் செய்து கேட்டோம். இருக்கட்டும் என்றான் பையன். திரும்ப மாடிப்படியின் கீழேதான் நிறுத்தியிருக்கிறது. காற்றடிக்கிற பம்பு ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். போன வாரம் அக்கா போனில், மாவுக்காரப் பையன் அந்தப் பம்பை இரண்டு தடவை இரவல் கேட்டு வாங்கினான் என்று சொன்னாள்.