காட்டியவர் பெயர் எங்கே?

தனிப்பயணம் முடியும் தறுவாயில் எழுதப்படும் பதிவுக்கென்று ஓர் இலக்கணமே உருவாகிவிட்டது. குளிர்காலத்தின் இறுதியில் ஆண்டுதோறும் அது தவறாமல் வருகிறது. ராஜஸ்தானில் தொடங்கிக் குஜராத்தில் முடியும் பயணம். இருபது நாள், சில ஆயிரம் கிலோமீட்டர், இரண்டு பஞ்சர், ஒரு காய்ச்சல். தால் சாப்பர் புல்வெளியில் புல்வாய் மான், கீச்சனில் கொக்குக் கூட்டம், ஜெய்சல்மேர்ப் பாலையில் கானமயில், ஜவாய்க் குன்றுகளில் சிறுத்தை, கடைசியாகக் கட்ச் சிறு ரண்ணில் மறையும் சூரியனுக்கு முன்னே ஒரு காட்டுக்கழுதை. படத்தின் கீழே கேமராவின் பெயர், லென்ஸின் பெயர், துளையளவு, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ. அதற்கும் கீழே ஒரு வரி: ‘யாருமற்ற வெளியில் நானும் என் வண்டியும் மட்டும். நாளை வீடு நோக்கி.’

படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொய் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

தனியே புறப்படுவது குற்றமன்று. விடுப்பு வாங்கி, சேமித்த பணத்தைச் செலவிட்டு, ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் இரவெல்லாம் வண்டி ஓட்டுவதற்குத் துணிவு வேண்டும். புறப்பட்டவர் பெண்ணாயின் அத்துணிவு இன்னும் பெரிது; வீட்டாருக்கும் விடுதியாருக்கும் அவர் விடை சொல்லித் தீர்த்த கேள்விகளுக்கு அளவிராது. அந்தத் தனிமையை எவரும் எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆனால் அத்தனிமை ஓட்டுநர் இருக்கையோடு முடிந்துவிடுகிறது. வண்டியை நிறுத்திக் கேமராவைக் கையில் எடுத்த கணத்திலிருந்து அவர் தனியாக இல்லை. விடியுமுன் கதவைத் தட்டி எழுப்பியவர் ஒருவர். மணலில் தடம் பார்த்தவர் ஒருவர். ‘இப்போது அசையாதீர்கள்’ என்று தோளில் கைவைத்தவர் ஒருவர். பயணம் முடியும் நாளில் இவர்கள் எல்லோரும் ஒருசேர மறைந்து போகிறார்கள்.

தன்வினை, பிறவினை என்று பள்ளி இலக்கணத்தில் ஒரு பாடம் உண்டு. உண்டான் என்பது தன்வினை. ஊட்டினான் என்பது பிறவினை. கண்டான் என்பது தன்வினை. காட்டினான் என்பது பிறவினை. காணச் செய்வதே காட்டுவது. இரண்டும் ஒரே வேரின் இரு கிளைகள். பாலையிலும் உப்புவெளியிலும் காட்டுயிர் ஒளிப்படம் எடுப்பவரின் ‘கண்டேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ‘காட்டினார்’ நிற்கிறது. பயண முடிவுப் பதிவோ முழுக்க முழுக்கத் தன்வினையால் ஆனது. தேடினேன், காத்திருந்தேன், கண்டேன், எடுத்தேன். தன்மை ஒருமைக்குரிய ‘ஏன்’ விகுதி ஒவ்வொரு வினையின் ஈற்றிலும் அமர்ந்து, பிறர் செய்த வேலையையெல்லாம் விழுங்கிவிடுகிறது. தோன்றா எழுவாய் என்று இலக்கணம் குறிப்பது, வெளிப்படச் சொல்லாவிடினும் விளங்கிவிடும் எழுவாயை. இங்கே தோன்றாமற் போனவர் விளங்காமலும் போகிறார்.

மறைந்தவர்கள் யாரென்று அதே வழியில் ஒருமுறை சென்று பார்க்கலாம்.

பலோடிக்கு அருகிலுள்ள கீச்சன் ஒரு சிற்றூர். நடு ஆசியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் புறப்படும் கொக்குகள், குர்ஜா என்று ஊரார் அழைப்பவை, செப்டம்பர் வாக்கில் ஆயிரக்கணக்கில் அங்கு வந்திறங்கி மார்ச் வரை தங்குகின்றன. இதை இயற்கையின் அதிசயம் என்று பதிவு சொல்லும். ஆனால் அக்கொக்குகளுக்குத் தினமும் தானியம் இறைக்க ஊருக்குள் வேலியிட்ட திடல் ஒன்று இருக்கிறது. 1970களில் ரத்தன்லால் மாலு என்ற ஊர்க்காரரும் அவர் மனைவியும் பறவைகளுக்குத் தானியம் இடத் தொடங்கினர். பின்னர் ஊரே அதைத் தன் கடமையாக ஏற்றுக்கொண்டது. 2025 ஜூன் மாதம் கீச்சன் ஈரநிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஆயிரம் கொக்குகள் ஒரே சமயத்தில் வானில் எழும் அந்தப் படம் அரை நூற்றாண்டாக மூட்டை சுமந்தவர்களின் படமும் ஆகும். படக்குறிப்பில் மூட்டையும் இல்லை, சுமந்தவரும் இல்லை.

ஜெய்சல்மேருக்குச் செல்வோம். கானமயில் உலகில் ஏறத்தாழ 150, அல்லது அதற்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை தார்ப் பாலையில்தான் எஞ்சியிருக்கின்றன. தாழப் பறக்கும் இக்கனத்த பறவைகள் உயரழுத்த மின்கம்பிகளில் மோதி இறக்கின்றன. எங்கே பறவை மேய்கிறது, எங்கே கம்பிக்கடியில் சடலம் கிடக்கிறது என்பதை முதலில் அறிபவர் ஆடு மேய்ப்பவர். அதைக் குறித்து வைப்பவர் உள்ளூர் இளைஞர். ராதேஷ்யாம் பிஷ்னோய் அத்தகையவர். தோலியா என்ற ஊரில் பிறந்தவர். தாமே ஒளிப்படக் கலைஞர். காயம்பட்ட மான்களைக் காத்தவர். கோடையில் வறண்ட நீர்த்தொட்டிகளைக் காட்டுயிர்களுக்காக நிரப்பியவர். 2025 மே மாதத்து இரவொன்றில், வேட்டைக்காரர் நடமாடுவதாகத் தகவல் கிடைத்துப் புறப்பட்ட வண்டி லாரியோடு மோதியதில் அவர் இறந்தார். வனக்காவலர் ஒருவர் உட்பட உடன் சென்ற மூவரும் இறந்தனர். ராதேஷ்யாமுக்கு வயது 28. இந்நாட்டின் கானமயில் படங்களுக்கு விலை என்று ஒன்று உண்டென்றால் அது லென்ஸின் விலையன்று. ‘பாலையில் நான் மட்டும்’ என்று எழுதும் விரல், அவ்விரவு அந்தச் சாலையில் சென்ற நால்வரையும் ஒருமுறை நினைத்துக்கொண்டால் தயங்கும்.

ஜவாய் அணையைச் சுற்றிய கருங்கற் குன்றுகளில் சிறுத்தைகள் மனிதக் குடியிருப்புகளுக்கு மிக அருகில் வாழ்கின்றன. ஆடு போனால் அதைத் தெய்வத்துக்குச் சேர்ந்த பங்காகக் கருதும் மரபு அங்குள்ள ராபாரி இடையரிடம் உண்டு. மந்தையில் ஓர் ஆடு குறைவது எளிய குடும்பத்துக்குச் சிறிய இழப்பன்று. சிறுத்தையைக் கொல்லாமல் விடுவதென்று அவர்கள் தினமும் எடுக்கும் முடிவே அப்படத்துக்கு அடித்தளம். படத்திலோ சிவப்புத் தலைப்பாகை ஒன்று பின்னணியில் மங்கலாக, நிறத்துக்காக மட்டும் நிற்கிறது.

பயணம் முடியும் இடமான சிறு ரண்ணில்தான் இந்த மறைப்பு உச்சத்தை எட்டுகிறது. மழை நீர் வற்றியதும் அகரியா உப்புத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு ரண்ணுக்குள் சென்று குடிசையிட்டு, நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்திகளில் பாய்ச்சி, ஏறத்தாழ எட்டு மாதம் உப்பு விளைவிக்கின்றனர். இந்தியாவின் உப்பில் முக்கால் பங்கு குஜராத்தில் விளைகிறது. அதில் ரண்ணின் பங்கு பெரிது. தனிப்பயணியின் மதிய உணவில் இருந்த உப்பும் அங்கிருந்தே வந்திருக்கலாம். 4,954 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நிலம் 1973-இல் காட்டுக்கழுதைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1969 கணக்கெடுப்பில் 362 ஆக இருந்த கழுதைகள் 2024-இல் 7,672 ஆகப் பெருகின. அவ்வளவு காலமும் அகரியாக்கள் அங்கேயேதான் இருந்தார்கள்; விலங்கு பெருக அவர்கள் தடையாகவில்லை.

இருந்தும் அவர்களுக்கு அந்நிலத்தில் பட்டா இல்லை. விடுதலைக்குப் பின் முறையாக அளக்கப்படாத அந்நிலத்தை ‘சர்வே எண் பூஜ்யம்’ என்றே அழைக்கின்றனர். சரணாலய உரிமைகளை வரையறுக்கும் நடவடிக்கையில் பெயர் சேராத அகரியாக்கள், தலைமுறைகளாக உழைத்த மண்ணிலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள். 2023-இல் அவர்களில் பலர் ரண்ணுக்குள் நுழைய விடாமல் தடுக்கப்பட்டனர். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு நிலத்தில் இடம் இல்லை. அப்படியிருக்க, படக்குறிப்பில் பெயர் இல்லாதிருப்பது வெறும் நாகரிகக் குறைவு என்று எவ்வாறு கடந்து போவது?

‘யாருமற்ற வெளி’ என்பது அழகிய தொடர். ஆட்சியாளரின் கோப்பில் அதற்கு நேரான தொடர் ஒன்று இருக்கிறது: தரிசு நிலம். நடுவண் அரசு தரிசு நிலங்களுக்கென்றே வரைபடத் தொகுப்புகள் வெளியிட்டு வருகிறது. மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் அவ்வகைப்பாட்டுக்குள் எளிதில் அடங்கிவிடுகின்றன. ஜெய்சல்மேரில் ஊரார் தெய்வத்தின் பெயரால் தலைமுறைகளாகக் காத்துவரும் ஓரண் என்னும் பொதுக்காடுகள், வருவாய்ப் பதிவேட்டில் ஓரண் என்று பதியப்படாததால் சூரிய மின்திட்டங்களுக்கும் மின்கம்பித் தடங்களுக்கும் இரையாகும் நிலையில் உள்ளன. அவற்றை ஓரணாகவே பதிய வேண்டும் என்று ஊரார் போராடி வருகின்றனர். நிலத்தைப் பறிப்பவர் முதலில் செய்ய வேண்டியது அதை வெறுமையானதாகக் காட்டுவது. அவ்வேலையை அவருக்காகக் கூலியின்றிச் செய்து கொடுக்கிறது ஆளில்லாத படம். எடுத்தவருக்கு அந்த நோக்கம் இராது. படம் நோக்கத்தைச் சுமந்து செல்வதில்லை. வெறுமையை மட்டுமே சுமந்து செல்கிறது.

இதற்குச் சில மறுப்புகள் வழக்கமாக வரும். வழிகாட்டிக்குத்தான் கூலி கொடுத்தாயிற்றே என்பது முதலாவது. லென்ஸுக்கும் விலை கொடுத்தே வாங்கினார்கள். அதன் பெயரைக் குறிப்பிட மறக்கவில்லையே. காசு கொடுத்ததால் பெயர் தேவையில்லை என்றால் அந்த நீதி கண்ணாடிக்கும் பொருந்த வேண்டும். உயிரற்றதற்குப் பெயரும் உயிருள்ளதற்குக் கூலியும் என்று பிரிப்பது கணக்கில் வராத மேட்டிமை.

காட்டுயிர்ப் படங்கள் பாதுகாப்புக்கு உதவுகின்றன என்பது இரண்டாவது. உதவுகின்றன, மறுப்பதற்கில்லை. கானமயிலைக் கண்ணால் கண்டிராத கோடிப் பேருக்கு அதன் மேல் அக்கறை பிறந்ததில் ஒளிப்படத்துக்குப் பங்குண்டு. ஆனால் பறவையை மட்டும் காக்க வேண்டும் என்று நம்பவைக்கும் படம், காப்பவரை வெளியேற்றும் ஆணைக்கும் கைதட்டக் கற்றுக்கொடுக்கிறது. காப்பவரைச் சேர்த்துச் சொல்லும் படமே பாதுகாப்புக்கு முழுமையாக உதவும்.

பெயரைச் சொன்னால் அவர்களுக்குத் தொல்லை வரும் என்பது மூன்றாவது. இது பொருட்படுத்தத்தக்க மறுப்பு. வேட்டைக்காரரின் பகையைச் சம்பாதித்தவர்கள், உரிமை வழக்கில் சிக்கியவர்கள் தங்கள் பெயர் வெளியாவதை விரும்பாதிருக்கலாம். அவர்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். ‘பெயர் சொல்ல விரும்பாத உள்ளூர் வழிகாட்டி காட்டினார்’ என்று எழுதலாமே. அப்போதும் பிறவினை பிழைத்துக்கொள்ளும். ஆனால் கேட்டதுண்டா என்பதே கேள்வி. கேளாமலே மறைத்துவிட்டு அதற்கு அக்கறை என்று பெயரிடுவது வசதிக்கேற்ற அறம்.

இதில் இன்னொரு தலைகீழ் வழக்கமும் உண்டு. கூடு இருக்கும் இடம், குகை இருக்கும் குன்று, எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் வரைபடக் குறியோடு பதிவில் வெளியாகின்றன. அடுத்த வாரமே அங்கே பத்து வண்டிகள் நிற்கின்றன; முட்டையிட்ட பறவை எழுந்து போகிறது. சொல்லக் கூடாதது இடத்தின் பெயர்; சொல்ல வேண்டியது ஆளின் பெயர். நடைமுறையோ இதற்கு நேர் எதிராக இருக்கிறது. இவ்விரண்டையும் இடம் மாற்றிக்கொள்ள எவருக்கும் பணச் செலவில்லை. ஒளிப்படப் போட்டி நடத்துவோரும் இதழாசிரியர்களும் நினைத்தால் நாளைக்கே இதை விதியாக்கலாம்: கேமராவின் விவரம் கேட்கும் படிவத்தில், ‘காட்டியவர்’ என்று ஒரு கட்டம்.

பயணத்தின் கடைசி மாலையை நினைத்துப் பார்க்கலாம். ரண்ணில் சூரியன் மறைந்த பிறகு சாலை என்று ஒன்று கிடையாது. எங்கு பார்த்தாலும் ஒரே தட்டையான மண். மேலே காய்ந்த பொருக்கு, அடியில் சேறு. எந்தப் பொருக்கு வண்டியைத் தாங்கும், எது விழுங்கும் என்று அறிந்தவர் முன்னிருக்கையில் உட்கார்ந்து, தொலைவில் தெரியும் ஓர் உப்பளக் குடிசையின் விளக்கைக் குறிவைத்து வழி சொல்கிறார். யாருமற்ற வெளியில் அந்த விளக்கு யாருடையது என்று பின்னால் அமர்ந்திருப்பவர் கேட்பதில்லை. அவர் கைப்பேசியில் நாளைய பதிவின் கடைசி வரி உருவாகிக் கொண்டிருக்கிறது. வண்டி தார்ச்சாலையை அடைந்து நிற்கும்போது, கூலியோடு அவர் ஒரு கேள்வியும் கேட்கலாம். ‘உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும்?’ விடை ஒரு சொல்தான். அதை எழுதிவிட்டால் ‘தனியே’ என்ற சொல்லை அவரே அடித்துவிடுவார்.