வேரைப் பாராமல் நாற்று வாங்கலாமா?

கேமரன் மலையின் சரிவுகளில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் விளங்கும் தேயிலை ஒரே நாளில் தோன்றியதன்று. 1929 ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கியபோது அங்கு இருந்தது அடர்ந்த காடே. அக்காட்டைத் திருத்திய கைகளுள் தமிழ்த் தொழிலாளர் கைகளும் இருந்தன. நாற்றுமேடையில் வளர்ந்த இளஞ்செடி கொழுந்து கொடுக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். கொடுக்கத் தொடங்கினாலோ, தலைமுறை தாண்டியும் கொடுக்கும். ஆகவே, நாற்றுமேடையில் பழகிய தொழிலாளி இலையின் பசுமையை மட்டும் கண்டு மயங்கமாட்டான். மண்ணைச் சற்றே விலக்கி, வேர் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பான். வேரில்லாத நாற்று எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அதனை ஒதுக்கிவிடுவான்.

இத்தகைய கூரிய அறிவு படைத்த குடும்பம் ஒன்றில் இன்று நடக்கக்கூடிய காட்சியை எண்ணிப் பார்க்கலாம். ரிங்லெட்டை அடுத்த ஒரு தோட்டத்து லயம். தந்தைக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்து, ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்திருக்கிறது. பட்டணத்தில் வேலை செய்யும் மகன் கைப்பேசியுடன் வந்து அமர்கிறான். புதிய பிளாக்செயின் திட்டம் ஒன்று உருவாகிறதாம். அதன் டோக்கன் அடுத்த வாரம் விற்பனைக்கு வருகிறதாம். இப்போது வாங்கினால் பத்து மடங்காம். "யார் சொன்னது?" என்று தந்தை கேட்கிறார். "நம்பிக்கையான ஆள்தான், அப்பா," என்கிறான் மகன். வேரைப் பார்த்து வாழ்ந்த மனிதர் அங்கேயே கேள்வியை நிறுத்திவிடுகிறார். கேட்கத் தெரியாமலா? அன்று! அந்தப் பொருளுக்கும் தம் அறிவுக்கும் தொடர்பே இல்லை என்று அவரை நம்ப வைத்துவிட்டார்கள். இந்தப் பொய்யைத்தான் முதலில் உடைக்க வேண்டும்.

அந்தப் பொருள்தான் என்ன? பிளாக்செயின் என்பது பலர் கையில் ஒரே படியாக இருக்கும் கணக்கேடு. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துக் கொண்டால் போதும். கணக்கப்பிள்ளை ஒருவர் கையில் மட்டும் ஏடு இருந்தால், எடையில் கழித்தது எவ்வளவு, எழுதியது எவ்வளவு என்பதை அவரே அறிவார். ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் அதே ஏட்டின் படி இருந்து, ஒவ்வொரு நிறுவையையும் எல்லாரும் சரிபார்த்து எழுதினால் ஏமாற்ற இயலாது. ஆயின் வரிசை நீளும். பிட்காயின் ஏட்டில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ ஏழு கொடுக்கல் வாங்கல்களே பதிவாகின்றன. 2017 ஆம் ஆண்டின் இறுதியில் மின்னிலக்கப் பூனைகளை வாங்கி விற்கும் ஒரு விளையாட்டே எத்தீரியம் ஏட்டைத் திணற வைத்தது.

இந்த நெரிசலைத் தீர்க்க எழுந்தவையே விரிவாக்கத் திட்டங்கள். அவற்றுள் ஒரு வகையின் உத்தி எளியது. மலைக்கு மலை தனித் தராசு வைத்து, அங்கங்கே நிறுத்து, கூட்டுத் தொகையை மட்டும் தலைமை ஏட்டில் எழுதுவது. வேகம் பெருகும், செலவு குறையும். ஆனால், எந்தத் தொழிலாளியும் உடனே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: அந்தத் தனித் தராசைப் பார்த்துக்கொள்வது யார்? அவர் பொய்க் கூட்டுத் தொகை கொண்டுவந்தால் மறுத்துரைக்க வழி உண்டா? இக்கேள்விக்கு விடை தேடியே உலகின் கணித வல்லுநர்கள் உழைக்கின்றனர். ஒரு சாரார் தொகையை ஏற்றுக்கொண்டு, ஏறக்குறைய ஏழு நாள் மறுப்புக் காலம் விடுகின்றனர். மற்றொரு சாரார் தொகையோடு கணிதச் சான்றையும் இணைக்கக் கோருகின்றனர். வல்லுநரின் கேள்வியும் கொழுந்து பறிப்பவரின் கேள்வியும் ஒன்றே! பின், "இது உனக்குப் புரியாது" என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு?

இன்னும் கட்டி முடியாத இத்தகைய திட்டத்தின் டோக்கனை வாங்குமுன் பார்க்க வேண்டிய வேர்கள் ஐந்து. முதலாவது, இன்று ஓடுவது என்ன? சோதனைத் தளமேனும் உண்டா? நிரல் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டுள்ளதா? இரண்டாவது, செய்பவர் யார்? பெயரும் முன் செய்த பணியும் வெளிப்படையா? மூன்றாவது, தனித் தராசின் சாவி எத்தனை பேர் கையில் உள்ளது? ஒருவரே நிறுத்தவும் மாற்றவும் கூடுமாயின், அது பலர் ஏடு அன்று. நான்காவது, மொத்த டோக்கன் எத்தனை, தொடங்கியவர் கையில் எத்தனை, அவற்றை அவர் எந்நாளில் விற்கலாம்? ஐந்தாவது, அத்திட்டத்துக்கு டோக்கன் தேவைதானா, அன்றி பணம் திரட்டவே அது படைக்கப்பட்டதா?

வேர் இல்லாத நாற்றுக்கு எடுத்துக்காட்டு ஒன்கோயின். 2014 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அது, உலகெங்கும் நானூறு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் திரட்டியதாக அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் கூறினர். அதற்கு உண்மையான பிளாக்செயினே இருக்கவில்லை. அதனை நிறுவிய ருஜா இக்னதோவா 2017 ஆம் ஆண்டு அக்டோபரில் தலைமறைவானார். உடன் நிறுவிய கார்ல் கிரீன்வுட் 2023 ஆம் ஆண்டில் இருபது ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். "ஏட்டைக் காட்டு" என்ற முதற் கேள்வி ஒன்றே அந்த மாளிகையைத் தகர்த்திருக்கும்.

வேர் உள்ள நாற்றும் உண்டு. இந்திய இளைஞர்கள் 2017 ஆம் ஆண்டில் தொடங்கிய மேட்டிக், பின்னர் பாலிகன் என்று பெயர் பெற்றது. 2019 ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் டோக்கன் விற்பனைக்கு வந்தது. மொத்தம் 1000 கோடி டோக்கன்களுள் 190 கோடி மட்டுமே அவ்விற்பனைக்கு வைக்கப்பட்டன. ஒன்றின் விலை 0.00263 டாலர். திரண்டது ஏறத்தாழ 50 இலட்சம் டாலர். ஆறாம் ஆண்டு மாணவனும் போடத்தக்க கணக்கு இது. 1000 கோடியை அவ்விலையால் பெருக்கினால், முழுத் திட்டத்தையும் 2 கோடியே 63 இலட்சம் டாலராக மதித்தே மக்கள் வாங்கினர் என்பது விளங்கும். மீதி 81 விழுக்காடு பிறர் கையிலும் கையிருப்பிலும் இருந்தது. அத்திட்டம் உண்மையானது, 2020 ஆம் ஆண்டில் பயனுக்கும் வந்தது, 2021 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு டோக்கன் ஏறத்தாழ 2.9 டாலர் வரை உயர்ந்தது. எனினும், இடையே 2019 ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு நாள், ஒரு மணி நேரத்துக்குள் அதன் விலை ஏறத்தாழ எழுபது விழுக்காடு சரிந்தது. நல்ல நாற்றும் பனியில் கருகும். வீட்டு வாடகையையும் மகள் திருமணத்தையும் அந்தப் பணத்தில் வைத்திருந்தவன் அந்த ஒரு மணி நேரத்தை எவ்வாறு தாங்கியிருப்பான்?

"ஆகவே தொடவே வேண்டாம், எல்லாம் சூது" என்று தீர்ப்புக் கூறுவோர் உளர். நல்லெண்ணம் உடையவர்களே, ஆயினும் அவர் அறிவுரை பயன் தராது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960 ஆம் ஆண்டில், வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டினார். எல்லாரும் "தொடவேண்டாம்" என்றிருந்தால், கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கத்தின் கைக்கு வந்திராது. அங்கே நிலம் கண்முன் கிடந்தது; மரம் பால் சுரந்தது; கூட்டுறவுச் சட்டம் காவல் நின்றது. வேரைப் பார்க்க முடிந்த முயற்சி அது.

"வாய்ப்பை விடாதே, பிற இனத்தார் முந்துகின்றனர்" என்று முழங்குவோர் மற்றொரு பக்கம். இம்முழக்கமும் புதிதன்று. 1982 ஆம் ஆண்டில் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியபோது, இன முன்னேற்றத்தின் பெயரால் அழைப்பு எழுந்தது. ஏறத்தாழ 66,000 பேர் 10 கோடியே 60 இலட்சம் வெள்ளி தந்தனர். அவருள் தோட்டத் தொழிலாளர் பலர். 2010 ஆம் ஆண்டில் அவர்களுக்கு வந்த விலை பங்குக்கு எண்பது காசு. இருபத்தெட்டு ஆண்டு காத்திருந்த ஒரு வெள்ளிக்கு எண்பது காசு! குற்றம் யாருடையது என்ற வழக்கை இங்கு விரிக்க வேண்டியதில்லை. பணம் தந்தபோது எத்தனை பேர் அறிக்கையைப் படித்தனர், எத்தனை பேர் குரலை நம்பினர் என்பதே கேள்வி. குரல் அன்று மேடையிலிருந்து வந்தது. இன்று கைப்பேசியிலிருந்து வருகிறது. வேறுபாடு அவ்வளவே.

சட்டம் தூங்கவில்லை. 2019 ஆம் ஆண்டு ஜனவரி 15 முதல், குறித்த தன்மைகள் உடைய டோக்கன்கள் மலேசியாவில் பங்குப் பத்திரங்களாகக் கருதப்பட்டு, பங்குப் பத்திர ஆணையத்தின் ஆளுகைக்குள் வந்தன. பதிவு பெற்ற தளத்தின் வழியாகவே டோக்கன் வெளியிட வேண்டும் என்றும், வெள்ளறிக்கை தர வேண்டும் என்றும் 2020 ஆம் ஆண்டு நெறிமுறைகள் விதித்தன. சாதாரண முதலீட்டாளருக்கு வெளியீட்டாளர் ஒருவருக்கு 2,000 வெள்ளி என்றும், பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 20,000 வெள்ளி என்றும் அவை வரம்பு கட்டின. உரிமமின்றி இயங்குவோர் குறித்த எச்சரிக்கைப் பட்டியலையும் ஆணையம் வெளியிடுகிறது. ஆனால் சட்டம் கதவு. அதனைத் தாழிடுவது கல்வி. பட்டியல் இருப்பதே தெரியாத லயத்தில் பட்டியலால் என்ன பயன்?

இங்கேதான் தமிழாசிரியர் மீது பொறுப்பு விழுகிறது. "இது வணிகம், இலக்கியம் கற்பிப்பவருக்கு இதில் என்ன வேலை?" என்று கூறி ஒதுங்குவது தகுமா? வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை என்றும், தெரிந்துதெளிதல் என்றும் இரண்டு அதிகாரங்கள் வகுத்தது தேர்வில் மதிப்பெண் பெறுவதற்கா? ஒரு செயலில் இறங்குமுன் வரவையும் செலவையும் எண்ணுதல் முன்னதன் பொருள். ஒருவரை நம்புமுன் ஆராய்தல் பின்னதன் பொருள். மனனம் செய்த மாணவன் வளர்ந்து, ஆராயாமல் பணத்தைக் கொட்டுகிறான் என்றால், அவன் கற்றது ஓசையை மட்டுமே. அந்தத் தோல்வியில் வகுப்பறைக்கும் பங்கு உண்டு.

ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யு.பி.எஸ்.ஆர். 2021 ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. அதனால் கிடைத்த நேரத்தில் ஒரு பகுதியைக் கருத்துணர்தலுக்குப் புதிய பனுவல்கள் தர ஒதுக்கலாம். ஒரு விளம்பரத்தை மாணவர் கையில் தந்து, உறுதியாகக் கூறப்பட்டது எது, ஆசையாகக் கூறப்பட்டது எது, கூறாமல் விட்டது எது என்று பிரிக்கச் சொல்லலாம். "ஈட்டும்" என்பதற்கும் "ஈட்டக்கூடும்" என்பதற்கும் உள்ள வேறுபாடு இலக்கணப் பாடம். அதுவே குடும்பத்தின் சேமநிதியைக் காக்கும் பாடமும் ஆகும். மூத்த மாணவர் ஒரு வெள்ளறிக்கையைத் தமிழில் சுருக்கி எழுதி, லயத்துப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டலாம். கேள்வி கேட்கும் உரிமையை அவர்களிடமே திருப்பித் தரும் தொண்டு அது.

ரிங்லெட் லயத்துத் தந்தைக்கு வேண்டியது கணினிப் பட்டம் அன்று. தராசு யார் கையில் என்று கேட்க அவருக்குத் தெரியும். வேரைப் பார்க்கவும் தெரியும். அந்த அறிவு இங்கும் செல்லும் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல, அவர் பேசும் மொழியில் ஒருவர் வேண்டும். தமிழ்ப்பள்ளி அதனைச் செய்யாவிடில், பத்து மடங்கு தருவதாகச் சொல்பவன் வந்து பேசுவான். அவனும் தமிழில்தான் பேசுவான்.