ஐ-லீக் 2, ஐ-லீக் 3 போட்டிகளை மண்டல வாரியாக நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கால்பந்துக் கழகங்களின் சங்க நிர்வாகிகள்,
நாகர்கோவில்.

பெறுநர்:
லீக் குழுத் தலைவர் அவர்கள்,
அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு,
புது டெல்லி.

வழி: மாநிலக் கால்பந்துச் சங்கச் செயலாளர் அவர்கள், சென்னை.

பொருள்: கீழ்நிலை தேசிய லீக் போட்டிகளை மண்டலங்களாகப் பிரித்து நடத்த வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கன்னியாகுமரியில் புறப்படும் விவேக் எக்ஸ்பிரஸ் திப்ரூகர் போய்ச் சேர மூன்று நாளுக்கு மேல் ஆகிறது. 4,000 கிலோமீட்டரைத் தாண்டும் அந்தப் பயணம்தான் இந்திய ரயில்வேயிலேயே நீளமானது என்பதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெருமை உண்டு. அதே ரயிலில் ஏறிப்போய், 90 நிமிடம் ஆடிவிட்டு, அதே ரயிலில் திரும்பி வந்து திங்கட்கிழமை வேலைக்குப் போ என்று சொன்னால்தான் சிரமம்.

2024-25 சீசனின் ஐ-லீக் 2 போட்டியைத் தங்கள் குழு அறியும். ஒன்பது கழகங்கள், ஒரே பட்டியல். ஒவ்வொரு கழகத்துக்கும் 16 ஆட்டங்கள், அதில் எட்டு வெளியூரில். வங்காளத்தின் டயமண்ட் ஹார்பர் முதலிடம் பெற்றது. ஐஸ்வாலின் சான்மாரி இரண்டாமிடம். இரண்டுமே ஆடி வென்ற இடங்கள். அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை. ஆனால் அதே பட்டியலில் கேரளத்தின் திரூர் அணியும் இருந்தது. திரூருக்கும் ஐஸ்வாலுக்கும் சாலைவழி 3,000 கிலோமீட்டருக்கு மேல். அந்த சீசனில் ஐஸ்வாலுக்கு ரயிலே கிடையாது. பக்கத்திலுள்ள சாய்ராங் நிலையம் 2025 செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. இரண்டாம் நிலைக்கும் கீழே, பெரிய விளம்பரதாரரோ தொலைக்காட்சி வருமானமோ இல்லாத கழகங்களை இந்தத் தூரத்துக்கு இழுத்தடிப்பது சரிதானா என்பதே எங்கள் கேள்வி.

அந்த ஒன்பதில் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்றுகூட இல்லையே, உங்களுக்கென்ன வந்தது என்று கேட்கலாம். இல்லாததால்தான் எழுதுகிறோம். மேலே ஏறினால் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, படிக்கட்டுப் பக்கமே வராமல் நிற்கும் கழகங்கள் எங்கள் சங்கத்திலேயே உள்ளன. ஆட்டக்காரர் 18 பேர், பயிற்சியாளர், மேலாளர், பிசியோ, பந்தும் பையும் சுமக்க ஒருவர் என்று எப்படிக் குறைத்தாலும் 22 டிக்கெட்டுக்குக் குறையாது. ஆடுகிறவர்களில் கல்லூரி மாணவர் உண்டு, பைக்கில் சாப்பாடு கொண்டு கொடுப்பவர் உண்டு, கடலுக்குப் போகிறவர் உண்டு. ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு ஏழெட்டு நாள் விடுப்பு கொடுக்க எந்த முதலாளியும் இல்லை.

சென்னை சிட்டி கோயம்புத்தூரைச் சொந்த ஊராகக் கொண்டு 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்றது. 2021-22 சீசனில் அந்தக் கழகம் லீக்கிலேயே இல்லை. அதற்குப் பல காரணங்கள்; பழி முழுவதையும் பயணச் செலவின் தலையில் போட நாங்கள் வரவில்லை. கோப்பை வென்ற கழகத்துக்கே மேல்நிலையில் காலூன்றி நிற்பது இவ்வளவு கடினம் என்றால், மாவட்டக் கழகம் எதை நம்பிப் புறப்படும்? இதை மட்டும் குழு யோசித்துப் பார்க்க வேண்டும்.

மண்டலப் பிரிவு நாங்கள் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தில் 1921 முதல் 1958 வரை மூன்றாம் டிவிஷன் வடக்கு, தெற்கு என்று இரண்டாகவே நடந்தது. பிறகு அதை நாடு தழுவிய இரண்டு டிவிஷன்களாக மாற்றினார்கள். இதை எங்களுக்கு எதிரான சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் இங்கிலாந்தின் குறுக்கே போக ஒரு பகல் போதும். அங்கேயே ஆறாம் நிலை 2004 முதல் வடக்கு, தெற்கு என்று இரண்டாகவே நடக்கிறது. இத்தாலியின் மூன்றாம் நிலையில் 60 கழகங்கள் மூன்று பிரிவாக ஆடுகின்றன. பரப்பில் நம்மைவிடப் பெரிய பிரேசில், நான்காம் நிலையை அக்கம்பக்கத்து மாநிலங்களின் சிறு பிரிவுகளாக நடத்துகிறது.

ஜெர்மனியில் பாடம் வேறு. 2012 முதல் நான்காம் நிலையில் அங்கே ஐந்து மண்டல லீக்குகள். மேலே ஏற நான்கே இடங்கள். சீசன் முழுவதும் முதலிடத்தில் நின்று கோப்பை வென்ற கழகம், இரண்டு ஆட்டத் தகுதிச் சுற்றில் தோற்றதற்காக அதே நிலையில் கிடக்க நேர்கிறது. மண்டலம் கேட்கும் நாங்கள் இந்தத் தவறையும் சேர்த்துக் கேட்கவில்லை. ஐ-லீக் 3-இலாவது மண்டலத்தில் முதலிடம் பெற்ற கழகம் அடுத்த நிலைக்கு நேரே போகவேண்டும்.

அட்டவணை விஷயத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே கொண்டுவர விரும்புகிறோம். டெல்லியிலிருந்து பார்த்தால் மழைக்காலம் ஒன்றுதான். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மீன்பிடித் தடைக்காலமும் அப்படியே: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தூத்துக்குடி விசைப்படகுப் பையன்கள் கரையில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் குமரியின் மேற்குக் கரையிலுள்ள தூத்தூர்ப் பையன்கள் ஆழ்கடலில் இருப்பார்கள். ஒருமுறை போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். தூத்தூர்ப் படகுகள் கரையேறும்போதோ மழை கொட்டும், மைதானம் குளமாகக் கிடக்கும். இரவிபுத்தன்துறையிலிருந்து புறப்பட்ட மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டிக்கும் பிறகு ஐஎஸ்எல்லில் ஜாம்ஷெட்பூருக்கும் ஆடியதைத் தாங்கள் அறிவீர்கள். அதே கடற்கரையில் பந்துதைக்கும் மற்ற பிள்ளைகள் கோயில் திருவிழாக் கோப்பைகளோடும், எல்லை தாண்டிக் கேரளத்தில் செவன்ஸ் (எழுவர் கால்பந்து) ஆடி வாங்கும் அன்றைய சம்பளத்தோடும் நின்றுவிடுகிறார்கள். எந்த மாதம் யார் கரையில் இருப்பார் என்பது மண்டலக் குழுவுக்குத்தான் தெரியும்.

எனவே எங்கள் கோரிக்கைகள்:

ஐ-லீக் 2, ஐ-லீக் 3 இரண்டையும் தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என ஐந்து மண்டலங்களாகப் பிரிக்க வேண்டும். தென்மண்டலத்தில் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகியவை அமையலாம். எட்டுக் கழகங்கள் என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு 14 ஆட்டங்கள், ஏழே வெளியூர்ப் பயணங்கள். பெரும்பாலும் ஓர் இரவு ரயிலில் முடிந்துவிடும். நாகர்கோவில் கழகத்துக்குத் திருவனந்தபுரம் பேருந்துத் தூரம்.

ஆட்டங்கள் சொந்த ஊர், வெளியூர் என்ற முறையிலேயே நடக்க வேண்டும். எல்லா அணிகளையும் ஒரே ஊரில் கூட்டிப் பத்து நாளில் ஆடி முடித்தால் பணம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் சொந்த ஊர் சனம் ஓர் ஆட்டத்தையும் பார்க்காமல் சீசன் முடிந்துவிடும். டிக்கெட் வாங்காத ஊரில் கழகம் தழைக்காது.

ஐ-லீக் 3 அளவில் மின்விளக்கைக் கட்டாயமாக்கக் கூடாது. நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்திலும் தூத்துக்குடி தருவை மைதானத்திலும் மாலை நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்க அனுமதி போதும்.

ஐ-லீக் 3-இல் ஐந்து மண்டல முதலிடங்களுக்கும் ஐ-லீக் 2-க்கு நேரடித் தரமுயர்வு வேண்டும். ஐ-லீக்குக்கு ஏறும் இடங்கள் குறைவு என்பதால் ஐ-லீக் 2-இன் மண்டல முதலிடங்கள் ஒரு சிறு இறுதிச் சுற்று ஆடித்தான் ஆகவேண்டும். அதற்கான பயணச் செலவைக் கூட்டமைப்பு ஏற்க வேண்டும். இந்த ஒன்றில் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மண்டலங்கள் சமபலமாக இருக்காது என்ற ஆட்சேபம் வரும். உண்மை. வடகிழக்கில் இரண்டாமிடம் பெறும் கழகம் வேறு சில மண்டலங்களின் முதலிடத்தைவிட வலுவாக இருக்கக்கூடும். அதற்கு இறுதிச் சுற்றில் அந்த மண்டலத்துக்குக் கூடுதலாக ஓர் இடம் கொடுக்கலாம். அதை எதிர்த்து மனு எழுத மாட்டோம் என்று இப்போதே எழுதித் தருகிறோம்.

மேற்கண்டவற்றைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பொருளாக வைத்து, எங்கள் தரப்பை நேரில் கேட்குமாறு வேண்டுகிறோம். நிர்வாகிகள் மூவர் டெல்லிக்கு வரத் தயார். கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்தில் இரண்டு நாள்தான் புறப்படுகிறது. முன்பதிவு செய்ய அவகாசம் விட்டு நாளைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்,
நாகர்கோவில்.