ஆய்வு வகுப்பறைக்குச் சென்றதே சாதனை: தில்லி பல்கலைக்கழகக் கல்வித் துறையின் அனுபவம் புதிய திட்டத்தில் நிலைக்குமா?

புது தில்லி: பள்ளி ஆசிரியராவதற்கான குறைந்தபட்சத் தகுதி 2030-ஆம் ஆண்டுக்குள் நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பி.எட். பட்டமாக இருக்க வேண்டும் என்பது தேசிய கல்விக் கொள்கை 2020-இன் இலக்கு. இதற்கான ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம் 2023-24 கல்வியாண்டில் 57 கல்வி நிறுவனங்களில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. ஆனால், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பின் மூலம் உருவாக்கும் முயற்சியைத் தில்லி பல்கலைக்கழகத்தின் கல்வித் துறை 1994-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. 'பி.எல்.எட்.' என்ற அந்தப் பட்டப் படிப்புதான் இப்போது புதிய திட்டத்துக்கு வழிவிடும் நிலையில் உள்ளது. அத்துடன் முப்பது ஆண்டு ஆய்வு அனுபவமும் மறைந்துவிடுமா என்பதே கல்வியாளர்கள் முன்னுள்ள கேள்வி.

ஆசாத்தின் எதிர்பார்ப்பு

மத்திய கல்வி நிறுவனம் என்று அறியப்படும் இத்துறை, நாடு விடுதலை பெற்ற சில மாதங்களில், 1947 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதுடன் நின்றுவிடாமல், நாட்டின் புதிய கல்விச் சிக்கல்களுக்குத் தீர்வு காணும் ஆய்வு மையமாகவும் அது வளர வேண்டும் என்பது முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத்தின் எதிர்பார்ப்பாகும்.

பெரும்பாலான கல்வியியல் துறைகளில் இந்த இரு பணிகளும் தனித்தனிப் பாதையில் செல்கின்றன. ஒருபுறம் பி.எட். வகுப்புகள் நடைபெறும், மறுபுறம் முனைவர் பட்ட ஆய்வேடுகள் எழுதப்படும். ஆய்வேட்டின் முடிவுகள் பள்ளி ஆசிரியரைச் சென்றடைவது அரிது. தில்லி கல்வித் துறை இந்த இடைவெளியைக் குறைக்க முயன்றதே அதன் தனிச் சிறப்பு.

ஒரு படிப்பு உருவான விதம்

உயர்நிலை வகுப்புகளுக்கான ஆசிரியர்கள் நெடுங்காலமாகப் பல்கலைக்கழகப் பட்டத்துடன் பி.எட். பெற்று வருகின்றனர். மைசூரு உள்ளிட்ட மண்டலக் கல்வி நிறுவனங்கள் 1960-களிலேயே நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த படிப்புகளை நடத்தின. தொடக்கப்பள்ளி ஆசிரியரின் நிலை வேறு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு முடித்து, பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காமலேயே அவர் பணிக்குச் செல்வார். சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்க ஆழ்ந்த கல்வியறிவு தேவையில்லை என்ற எண்ணமே இந்தப் பிரிவினைக்கு அடிப்படை.

இதனை மாற்றும் நோக்கில், கல்வித் துறையின்கீழ் இயங்கிய மௌலானா ஆசாத் தொடக்க மற்றும் சமூகக் கல்வி மையம் பி.எல்.எட். பாடத்திட்டத்தை வடிவமைத்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கான இப்படிப்பு, தில்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்டு மகளிர் கல்லூரிகளில் நடத்தப்பட்டது.

குழந்தை வளர்ச்சி, மொழி கற்றல், சமகால இந்தியா ஆகியவற்றுடன், பள்ளிக் கணிதத்தையும் அறிவியலையும் மீண்டும் அடிப்படையிலிருந்து ஆராயும் பாடங்களும் இதில் உள்ளன. பின்னக் கணக்கை இயந்திரகதியில் போடத் தெரிந்த மாணவி, அது ஏன் அவ்வாறு வருகிறது என்பதைத் தானே உணர்ந்தால்தான் குழந்தைக்கு விளக்க முடியும் என்பது இதன் அடிப்படை. நாடகம், கைவினை, கதை சொல்லல், தன்னை அறியும் பயிலரங்குகள் ஆகியவையும் பாடத்திட்டத்தின் பகுதிகள். இறுதி ஆண்டில் மாணவியர் நீண்ட காலம் பள்ளிகளில் பணியாற்றுவதுடன், ஒரு சிறு ஆய்வையும் மேற்கொள்கின்றனர். குழந்தை செய்யும் தவற்றைத் திருத்துவதற்கு முன், அது ஏன் நேர்கிறது என்று கேட்கும் பழக்கம் இளநிலைப் பட்டத்திலேயே தொடங்குகிறது.

கொள்கையில் பதிந்த தடம்

துறையின் ஆய்வுப் பணி தேசிய அளவிலும் தடம் பதித்தது. அங்கு பேராசிரியராகவும் தலைவராகவும் பணியாற்றிய கிருஷ்ண குமார், 2004 முதல் 2010 வரை என்சிஇஆர்டி இயக்குநராக இருந்தார். மனப்பாடத்திலிருந்து கல்வியை விடுவித்து, பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்க்கையுடன் அறிவை இணைக்க வேண்டும் என வலியுறுத்திய தேசியக் கலைத்திட்டம் 2005, அவரது பதவிக் காலத்தில் வெளியானது.

பி.எல்.எட். படிப்பை உருவாக்கியதில் முதன்மைப் பங்காற்றிய பேராசிரியர் பூனம் பத்ரா, ஆசிரியர் கல்வி குறித்து உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையத்தின் உறுப்பினராக இருந்தார். ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் சுமார் 90 சதவீதம் அரசு சாராதவை என 2012-இல் சுட்டிக்காட்டிய அந்த ஆணையம், ஆசிரியர் கல்வியை உயர்கல்வியின் அங்கமாக்கவும் பயிற்சிக் காலத்தை நீட்டிக்கவும் பரிந்துரைத்தது. அதையடுத்து, 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது.

தொடக்கநிலைக் கற்பித்தலுக்குத் தனிப் பயிற்சி தேவை என்ற கருத்துக்கு நீதிமன்றத்தின் ஏற்பும் கிடைத்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்கு பி.எட். பட்டதாரிகளைத் தகுதியுடையோராக்கிய 2018-ஆம் ஆண்டு அறிவிக்கை செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெற்றியும் இழப்பும்

இந்தப் பின்னணியில், நான்கு ஆண்டுப் படிப்பு தேசியக் கொள்கையானது தில்லி கல்வித் துறையின் நிலைப்பாட்டுக்குக் கிடைத்த வெற்றி எனலாம். ஆனால், 2023 மே மாதம், சில உறுப்பினர்களின் எதிர்ப்புக்கு இடையே, பி.எல்.எட். படிப்புக்குப் பதிலாகப் புதிய திட்டத்தைக் கொண்டுவர அப்பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு ஒப்புதல் அளித்தது.

மாற்றத்துக்கு ஆதரவான வாதங்களைப் புறக்கணிக்க இயலாது. பி.எல்.எட். ஒரு நகரத்தின் மகளிர் கல்லூரிகளைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. புதிய திட்டமோ ஆண், பெண் இருபாலருக்கும் நாடு முழுவதும் பொதுவானது. பட்டம் பெற்று பி.எட். முடிக்க ஆகும் ஐந்து ஆண்டுகளில் ஓராண்டு மிச்சமாகும் என்பது அரசின் விளக்கம்.

எனினும், பி.எல்.எட். ஏற்கெனவே நான்கு ஆண்டுப் படிப்பு என்பதால் அந்த ஓராண்டு லாபம் இங்கு பொருந்தாது. பாடத்திட்டத்தின் உரிமை குறித்த கேள்வி அதைவிட முக்கியமானது. பி.எல்.எட். ஒரு பல்கலைக்கழகத் துறையின் சொந்த ஆய்விலிருந்து பிறந்தது; வகுப்பறை அனுபவத்துக்கு ஏற்ப அதைத் திருத்தும் பொறுப்பும் அத்துறையிடமே இருந்தது. தேசிய அளவில் வகுக்கப்படும் கட்டமைப்பில் அந்தச் சுதந்திரம் எவ்வளவு எஞ்சும் என்பது தெளிவாக வேண்டும்.

அளவுகோல் எது?

கல்வியியல் துறையின் பணியை மதிப்பிடுவதும் எளிதன்று. தேசிய தரவரிசைக் கட்டமைப்பான என்ஐஆர்எஃப், சட்டம், மருத்துவம், மேலாண்மை உள்ளிட்ட துறைகளுக்குத் தனிப் பட்டியல் வெளியிடுகிறது. நாட்டின் ஆசிரியர்களை உருவாக்கும் கல்வியியலுக்கு அத்தகைய பட்டியல் இடம்பெற்றதில்லை. ஆய்வேடுகளின் எண்ணிக்கையும் கட்டுரைகளின் எண்ணிக்கையுமே சாதனையாகக் கணக்கிடப்படுகின்றன. ஒரு துறையின் ஆய்வால் மூன்றாம் வகுப்புக் குழந்தையின் வாசிப்பு மேம்பட்டதா என்பது கணக்கில் வருவதில்லை.

மாற்றம் உறுதியெனில், அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உள்ளன. முப்பது ஆண்டுகளில் பயின்றோர் பள்ளிகளில் எவ்வாறு பணியாற்றுகின்றனர் என்பதை முறையாக ஆராய வேண்டும். மாணவியர் மேற்கொண்ட வகுப்பறை ஆய்வுகளைப் பாதுகாத்து, புதிய பாடத்திட்டம் வகுப்போருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். பாடங்களைத் திருத்தி அமைக்கும் உரிமை பல்கலைக்கழகத் துறைகளிடம் நீடிக்க வேண்டும்.

நான்கு ஆண்டு என்பது கால அளவு மட்டுமே. அந்தக் காலத்தில் வருங்கால ஆசிரியர் குழந்தையைக் கவனிக்கவும் கேள்வி கேட்கவும் கற்கிறாரா என்பதைப் பொறுத்தே புதிய திட்டத்தின் பயன் அமையும்.