டொமைன் யார் பெயரில்?

குமரி மாவட்டக் கருங்கலில் மட்டிப்பழமோ தேனோ வியாபாரம் செய்யும் ஒருவர் தன் கடைக்கு டாட் காம் பெயர் எடுக்க நினைத்தால், வெப்சைட் செய்து தரும் உள்ளூர் இளைஞர் ஒருவரிடம்தான் சொல்வார். அவர் தன் ரீசெல்லர் (மறுவிற்பனை) கணக்கில் பெயரைப் பதிவார். அந்தக் கணக்கு ஒரு பதிவு நிறுவனத்தின் கீழ் இருக்கும். அந்த நிறுவனம், டாட் காம் பட்டியலை வைத்திருக்கும் அமெரிக்காவின் வெரிசைனுக்குப் பெயர் ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்து டாலர் சொச்சம் கட்டும். கடைக்காரரின் காசு வெரிசைன்வரை போய்ச் சேர்ந்துவிடுகிறது. பெயருக்கு உரியவர் யார் என்ற பதிவோ, பல நேரங்களில் அந்த இளைஞரின் மின்னஞ்சலோடு நின்றுவிடுகிறது. இதை வெறும் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தத் தொழில் வளர்ந்த விதமே அப்படி.

இந்தியாவில் அந்த வளர்ச்சிக்கு நல்ல உதாரணம் டைரக்டி நிறுவனம். மும்பையில் பாவின், திவ்யாங்க் துராக்கியா சகோதரர்கள் தந்தையிடம் 25,000 ரூபாய் கடன் வாங்கி 1998-இல் தொடங்கியது. கடைசி வாடிக்கையாளரைத் தேடி ஊர் ஊராக அலையாமல், அவரை ஏற்கெனவே தெரிந்துவைத்திருக்கும் சிறு ஆட்களுக்கு மொத்த விலையில் பெயர்களை விற்பது என்ற வழியை அது பிடித்துக்கொண்டது. ரீசெல்லர்கிளப் என்ற சேவையில் சேர்ந்தவர் தன் சொந்த லோகோவோடு, தன் சொந்த விலைக்கு விற்கலாம். பின்னால் இருக்கும் நிறுவனத்தின் பெயர் வாங்குபவர் கண்ணில் படவே வேண்டாம். சிற்றூர்வரை டொமைன் வந்து சேர்ந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். 2014-இல் ரீசெல்லர்கிளப், பிக்ராக் உள்ளிட்ட பிரிவுகளை அமெரிக்காவின் என்டூரன்ஸ் நிறுவனம் பத்துக் கோடி டாலருக்குமேல் கொடுத்து வாங்கியது. புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் போன்ற ஹோஸ்டிங் நிறுவனங்கள் எல்லாம் அப்போதே அதன் கையில் இருந்தன. 2021-இல் என்டூரன்ஸையே ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கி, வெப் டாட் காம் என்ற நிறுவனத்துடன் இணைத்து நியூஃபோல்ட் டிஜிட்டல் ஆக்கியது. வெப் டாட் காமுக்குள் இருந்தது நெட்வொர்க் சொல்யூஷன்ஸ். 1990-களில் டாட் காம் பெயர்களைத் தனியொரு நிறுவனமாகப் பதிந்து, இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் வசூலித்தது அதுதான். அந்த ஏகபோகத்தை உடைக்கத்தான் 1998-இல், இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு உருவாகி, மறு ஆண்டு மற்ற நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. அப்படித் திறந்த கதவு வழியாக வளர்ந்த மும்பை நிறுவனத்தின் கிளையும் பழைய ஏகபோக நிறுவனமும் இன்று ஒரே முதலாளியின் கீழ் வந்து சேர்ந்துவிட்டன.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். கோடாடி, நேம்சீப், ஹோஸ்டிங்கர் என்று போட்டிக்கு ஆள் இருக்கிறது. விலையும் அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் கொள்ளை மலிவு. உண்மைதான், ஏகபோகம் திரும்பிவிட்டது என்று நான் சொல்லவில்லை. என் ஆட்சேபம் வேறு. ஒரு பிராண்டின் சேவை பிடிக்காமல் இன்னொன்றுக்குப் போகிறவர், அதே முதலாளியின் இன்னொரு கடைக்குத்தான் போகிறாரா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. ஹோல்டிங் கம்பெனி வாங்கும் பல நிறுவனங்கள் பழைய போர்டையே மாட்டிக்கொண்டிருப்பதால், தேர்வு இருப்பதுபோல் தோன்றுகிறது.

பெரிய நிறுவனம் என்றால் பாதுகாப்பு என்பது அடுத்த வாதம். அதற்கு நெட்4இந்தியாவைச் சாட்சிக்கு அழைப்பார்கள். டெல்லி வட்டாரத்தின் பழைய பதிவு நிறுவனமான அது 2019-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. பெயரைப் புதுப்பிக்கவோ வேறிடம் மாற்றவோ முடியாமல் அதன் வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். 2021-இல் ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்துசெய்து, அங்கிருந்த பெயர்களை நியூஃபோல்டின் பப்ளிக்டொமைன்ரெஜிஸ்ட்ரியிடம் ஒப்படைத்தது. பெரிய நிறுவனம் காப்பாற்றியது என்று இதைப் படிக்கலாம். ஆனால் கைகொடுத்தது விதி. பதிவு விவரங்களின் நகலை ஒவ்வொரு நிறுவனமும் மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைக்க வேண்டும், ஒன்று விழுந்தால் பெயர்கள் மொத்தமாக இன்னொன்றுக்கு மாற்றப்பட வேண்டும் என்று ஐகான் வைத்திருந்த ஏற்பாடு இல்லையென்றால், எத்தனை பெரிய நிறுவனமும் அந்தப் பெயர்களைத் தொட்டிருக்க முடியாது.

அந்த விதிகள் காப்பதும் பதிவில் பெயர் உள்ளவரைத்தான். கெடு முடியுமுன் இரண்டு முறையாவது, முடிந்தபின் ஒரு முறையாவது நினைவூட்ட வேண்டும் என்பது விதி. அந்த நினைவூட்டல் போவது பதிவிலிருக்கும் மின்னஞ்சலுக்கு. அது வெப்சைட் செய்த இளைஞருடையதாக இருந்து, அவரும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டால், கடைக்காரருக்கு விஷயம் தெரிவது தளம் திறக்காதபோதுதான். நீக்கப்பட்ட பெயரை அபராதம்போல் ஒரு தொகை கட்டி மீட்க 30 நாள் உண்டு. அதுவும் போனால், இன்னும் ஐந்து நாளில் அந்தப் பெயரை எவரும் எடுத்துக்கொள்ளலாம். தென்னந்தோப்பைப் பாட்டத்துக்கு எடுப்பவர் சீட்டில் யார் பெயர் என்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. டொமைனும் ஆண்டுக் கணக்கில் எடுக்கும் பாட்டம்தான், சொந்தமல்ல.

இந்தத் தலைவலியே வேண்டாம், வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக் பக்கமும் போதும் என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அங்கே கணக்கு முடங்கினால், சேர்த்துவைத்த வாடிக்கையாளர்களோடு வேறிடம் போக வழியில்லை. டொமைனில் அந்த வழி எழுதப்பட்ட உரிமையாகவே இருக்கிறது. பதிவுதாரர் கேட்டால் பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான குறியீட்டை ஐந்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். முதலாளிகள் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலில் சிறு வியாபாரிக்கு உள்ள ஒரே பிடிமானம் இதுதான். அதனால் பெயர் வாங்கும்போது பதிவில் தன் பெயர், தன் மின்னஞ்சல், தன் போன் எண் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. தளம் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்பது பிறகு. டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி நம் நாட்டு அமைப்பு. பில்லில் தாய் நிறுவனத்தின் பெயரைப் போட வேண்டும், கெடு நினைவூட்டலை வாங்கியவரின் போனுக்குத் தமிழிலும் அனுப்ப வேண்டும் என்று டாட் இன் விற்பவர்களுக்கு அது நிபந்தனை போடலாம். யார் யாரை விலைக்கு வாங்குகிறார்கள் என்பதை நிக்ஸி தடுக்க முடியாது. விற்கப்படுவது தன் பெயரும் சேர்த்துத்தான் என்பதைக் கருங்கல் கடைக்காரருக்குத் தெரியப்படுத்த முடியும்.